செம்புக் குடத்தில் கடல்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. ஓட இடம் இருந்தவர்கள் ஓடினார்கள். முகத்துவாரக்குப்பத்து அங்கம்மாவுக்கும் அவள் புருஷன் எத்திராஜுக்கும் கடலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கரையில் ஒரு சிம்னி விளக்குக்கூட எரியக்கூடாது என்று இருட்டடிப்பு உத்தரவு. அடுப்பையும் பொழுதோடு அணைத்துவிட வேண்டும். வயிற்றை அணைத்து வைக்க மட்டும் எந்தத் துரைக்கும் உத்தரவு போடத் தெரியவில்லை.

எத்திராஜ் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போன அன்று இரவு கடல் முழுக்க வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகி, தண்ணீர் அசைகிற இடமெல்லாம் நீலமாய் மின்னுகிற சமயம். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, மீனை வலைக்குள் விரட்டத் துடுப்பால் தண்ணீரை அடித்தான். அடிக்க அடிக்கப் பளிச் பளிச்சென்று வெளிச்சம் எழுந்து அடங்கியது. அவன் அப்பன் காலத்திலிருந்து அடிக்கிற அடிதான். கரையில் காவலிருந்த சிப்பாய்களுக்கு அது எதிரிக் கப்பலுக்குக் காட்டுகிற சைகையாகத் தெரிந்தது.

கரையேறியதும் பிடித்துக்கொண்டார்கள். கட்டுமரத்தின் கயிற்றுக் கட்டுகளை அவிழ்த்துத் தேடினார்கள். விளக்கு இல்லை. இல்லாததே சாட்சியாயிற்று. கடலில் எறிந்துவிட்டானாம்!

குப்பம் தன் பங்குக்கு ஒரு காரணம் வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா ஓடிவந்து சொன்னாள்: "அம்மனுக்கு ஒரு சேவ நேந்துக்கோடி. தண்ணில நெருப்பு ஓடுதுன்னா தாயி கோவமா கீறான்னு அர்த்தம்."

"தாயிக்குக் கோவம்னா அவ வந்து கேக்கட்டும். போலீசு இன்னாத்துக்கு என் ஆம்பளைய இட்டுகினு போவுது?"

அங்கம்மா சேவல் அறுக்கவில்லை. மண்பானையை எடுத்துக்கொண்டு கடலில் இடுப்பளவு இறங்கினாள். மொண்டு வந்து வீட்டுக்குள் வைத்துக் கையை விட்டுக் கலக்கினாள். பானை முழுக்க மின்னியது. அவள் விரல்களிலிருந்து வெளிச்சம் சொட்டியது. இதைக் காட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. மீன் நாற்றமடிக்கிற கரிப்பானையை இன்ஸ்பெக்டர் மேஜை மேல் எப்படி வைப்பது? கல்யாணத்துக்கு வந்த செம்புக் குடம் ஒன்று இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். பானைத் தண்ணீரை அதில் மாற்றி, ஈரத்துணியால் வாய்கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஏட்டு மறித்தார். "இன்னாம்மா, தீர்த்தமா?"

"கடல் தண்ணி சாமி. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குக் காட்டணும்."

"காட்டு, காட்டு. ஜப்பான்காரனுக்கு விக்கலு வந்தா குடுக்கலாம்."

உள்ளேயிருந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அவள் பகலெல்லாம் வேப்பமரத்தடியில் குடத்தை மடிக்குள் வைத்துக் காத்திருந்தாள். வெயில் நகர நகரக் குடத்தோடு நிழலுக்கு நகர்ந்தாள்.

இருட்டிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். மோசமான மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கறுப்புக் காகிதம் ஒட்டிய விளக்கையும் அணைக்கச் சொன்னார். "சரி, காட்டு."

அங்கம்மா குடத்துக்குள் கையை விட்டாள். கலக்கினாள். இருட்டு. முழங்கை வரை விட்டுச் சுழற்றினாள். தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கலக்கினா மின்னும் சாமி. வூட்ல மின்னிச்சி. என் கண்ணால பாத்தேன்."

"இன்னும் நல்லாக் கலக்கும்மா. உள்ள உன் வூட்டுக்காரன் விட்ட பேட்டரி லைட்டு கெடக்கப் போவுது" என்றார் ஏட்டு.

"போதும், விளக்கை ஏத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

தண்ணீரை முற்றத்தில் கொட்டினார்கள். யுத்தகாலச் சட்டத்துக்கு விசாரணை தேவைப்படவில்லை. ஜெயிலில் எத்திராஜைச் சீதபேதி கொண்டுபோயிற்று. மூலக்கொத்தளத்து இடுகாட்டில் யாரோ எங்கோ புதைத்த பிறகுதான் குப்பத்துக்குச் சேதி வந்தது. எந்த மேடு என்று காட்டக்கூட ஆளில்லை. கோவிந்தம்மா, "அன்னிக்கே சேவ அறுத்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். தான் பார்த்தது பொய்யோ, கண்தான் ஏமாற்றியதோ என்ற சந்தேகம் அங்கம்மாவுக்கே வந்துவிட்டிருந்தது.

சண்டை ஓய்ந்தது. வெள்ளைக்காரன் போனான். ஏட்டு மட்டும் அதே ஏட்டுதான். அங்கம்மா கூடை சுமந்து மீன் விற்றாள். முடி நரைத்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, கடல் மறுபடி மின்னிய ஒரு மாலையில் சங்கரநாராயணன் என்ற காலேஜ் பிள்ளை கண்ணாடி ஜாடிகளோடு கரைக்கு வந்தான். அந்தத் தண்ணீரைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆராயப்போகிறானாம். ஒரு ஜாடி கல்லில் மோதி உடைந்தது. அங்கம்மா உள்ளே போய்ச் செம்புக் குடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா நைனா, இதுல மொண்டுகினு போ."

"செம்பா? ஐயோ, வேண்டாம்மா. செம்புல ஊத்தினா மின்னுற அந்தச் சின்ன உயிரெல்லாம் செத்துப்போயிடும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் மின்னாது."

அவள் கை நீட்டியபடியே நின்றது.

"மண்பானைல இருந்தா?"

"மண்பானைன்னா பரவாயில்ல. மறுநாள் வரைக்குமாவது தாங்கும்."

அவன் சொன்னது சரி. ஆனால் எத்திராஜைக் கொன்றது செம்பு அல்ல. குற்றம் செய்யவில்லை என்று கைதியின் பெண்டாட்டி வந்து நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் கொன்றது. உழைக்கிறவளின் பானை மேஜைக்கு ஆகாது என்று அவளையே நம்பவைத்த நாடு கொன்றது. விஞ்ஞானம் அப்போதும் இருந்தது. இதே பட்டணத்துக் காலேஜ் அலமாரிகளில், புத்தகங்களுக்குள் பத்திரமாக இருந்தது. அங்கே யாரும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

அங்கம்மாவிடம் இதையெல்லாம் யார் சொல்வது? சொன்னாலும் அவளுக்கு ஏறியிருக்காது. அன்று புளி போட்டுத் தேய்த்த தன் வலது கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி மொள்ள வேற ஏனம் இருக்கா?" என்றான் அவன்.

"அதோ பானை கீது" என்றாள். "எட்த்துகினு போ. திருப்பித் தர வேணாம்."