செவலைக்கு வைத்த வெல்லம்

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்காகத் தனியாக நின்றிருந்தேன். எதிர்க்கடை வாசலில் ஒரு லாரியின் பின்பலகை தடாரென்று இறங்கியது. என் வலது கை தானாக விரிந்துகொண்டது.

என் சிறுவயதில், கள்ளக்குறிச்சியில் அப்பா கல்யாண ஊர்வலங்களுக்காக ஒரு குதிரை வைத்திருந்தார். பெயர் செவலை. சாட்டை எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. ஒற்றைப் பிள்ளையான எனக்குப் பேச்சுத்துணை அதுதான். தினமும் அதன் குளம்பில் அப்பிய மண்ணைச் சுரண்டிவிடுவேன். கேட்டதும் காலைத் தூக்கினால் ஒரு துண்டு வெல்லம். அதன் உதடு என் உள்ளங்கையில் ஈரமாக ஊரும். இந்தக் கையைத் தேடி வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று அதைப் பழக்கியவள் நான்.

அப்பாவுக்கு மூங்கில்துறைப்பட்டு ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே குதிரை கட்ட இடமில்லை. செவலையை வாங்கியவர் லாரியோடு வந்தார். பலகையில் கால் வைக்க அது மறுத்தது. அவர் சாட்டையை எடுத்தார்.

"அடிக்காதீங்க! நான் ஏத்துறேங்க."

மடி நிறைய வெல்லத்தோடு முன்னால் ஏறினேன். அது எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு. செவலை என் கையைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்துவிட்டது.

"இன்னா சொக்குப்பொடி போட்ட பாப்பா?" என்று அவர் சிரித்தார்.

"போதும், எறங்கு" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

பலகையை மூடினார்கள். கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி அது என் கையைத் தேடியது. வெல்லம் தீர்ந்திருந்தது.

பஸ் வந்தது. ஒரு அடிகூடப் படாமல்தான் செவலை போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன்.