கருப்பட்டி டப்பாவில் போட்ட சிவப்புக் கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம், பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு உருப்படியையும் 'இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது' என்று பார்ப்பதுதான் வேலை. அந்தப் புத்தி கம்பெனி கேட்டைத் தாண்டினாலும் என்னை விட்டுப் போகாது. கடைக்காரர் நிறுத்தால் தராசைப் பார்ப்பேன். பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பேன். "உனக்குச் சாமியே நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்பே" என்பார் என் கணவர். அவருக்குத் திருப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார்.

மாமியார் போன பிறகு மாமனாரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவருக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை, வேளை தவறாமல் மாத்திரை. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, இயற்கை உணவிலேயே சர்க்கரையை விரட்டலாம் என்று. யாரையும் நம்பாத நான் அதை மட்டும் எப்படி நம்பினேனோ! மறுநாளே மாமாவுக்கு அரிசியை நிறுத்தினேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. அப்புறம் சிறியாநங்கைப் பொடி. காலைக்கு ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறு, மதியம் கொள்ளும் கீரையும். மாத்திரையையும் விடவில்லை, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒன்றாகப் பொங்குகிற அரிசியும் பருப்பும் சோறு என்றால் உயிரை விடுகிற மனிதர். ஆனாலும் "அம்மணி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சாற்றைக் குடித்துவிடுவார். தினமும் காலையில் விரலில் குத்தி மெஷினில் பார்ப்பேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

மதியச் சமையலுக்கு ஓர் அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் உள்ளே நுழைவார். சாறு ஆரம்பித்த இரண்டாவது வாரம் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏனுங் அம்மணி, பெரியவருக்குப் பதினோரு மணி வாக்குல கை நடுங்குதுங்க. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போகுது."

நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது உடம்புல இருக்கற கழிவெல்லாம் வெளிய போகுதுங்கக்கா, பயப்படாதீங்க" என்றேன். வீடியோவில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அக்கா தன் மஞ்சள் பையோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கருப்பட்டி டப்பா என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. எனக்குச் சுக்குக் காப்பி போடத் தட்டி வைத்திருந்த கருப்பட்டி. நான் வாரத்துக்கு இரண்டு தடவைதான் எடுப்பேன், ஆனால் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தது. கம்பெனியில் தேறாத உருப்படிக்குக் கோடு போடுகிற சிவப்பு மார்க்கரைக் கொண்டுவந்து, டப்பாவின் வெளிப்பக்கம் கருப்பட்டி நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே.

ஆகா, அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்கு எடுத்துப் போகிறாரா, இல்லை, நல்ல பேர் வாங்குவதற்காக மாமாவுக்கு ரகசியமாக இனிப்புக் கொடுத்து என் பத்தியத்தைக் கெடுக்கிறாரா? இரண்டாவதை நினைத்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. டப்பாவைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை. அக்கா கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்பக்கம் போனார். செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். அவருடைய மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பேப்பரில் சுற்றி இரண்டு உருண்டை கருப்பட்டி! கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பையைக் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோவில் வந்து, தெருமுனையிலேயே இறங்கி, பின்பக்கமாக நுழைந்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரில் கரைத்த கருப்பட்டித் தண்ணீரைப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க!" என்று கத்தி டம்ளரைத் தட்டிவிட்டேன். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரியாத பார்வை. உதடு கோணி, ஏதோ குழறினார். அவர் கையைத் தொட்டேன், சில்லென்று ஈரமாக இருந்தது.

மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசாத அக்கா, என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "தள்ளு அம்மணி! அந்த மெஷினை எடுத்துப் பாரு!"

அவர் மறுபடி கருப்பட்டி கரைக்க ஓடினார். நான் மாமா விரலில் குத்தினேன். 46 என்று வந்தது. காலையில் போட்டோ எடுத்துப் போட்ட எண்ணில் பாதிகூட இல்லை. அத்தனை நாளில் காலை தவிர வேறு எந்த நேரத்திலும் நான் மெஷினை எடுத்ததே இல்லை.

மடக்கு மடக்காகப் புகட்டினோம். கால் மணி நேரம் ஆனது, அவர் கண் தெளிய. என்னைப் பார்த்து, "கண்ணு, நீ எப்ப வந்தே?" என்றார்.

அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க வந்துச்சு. வெயில்ல வந்த மயக்கம்னு தண்ணி தெளிச்சுப்போட்டு உக்காந்திருந்தோம். ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. சக்கரை இறங்கிப்போச்சு, ஒரு வாய் இனிப்புக் குடுத்திருந்தாப் பொழச்சிருப்பாருன்னு அப்புறந்தான் டாக்டர் சொன்னாருங்க. பெரியவருக்கு அதே வேர்வையைப் பார்த்ததும் பயந்துபோனேன். டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன். அப்புறம் டப்பாவையே காணமுங்க, அதான் சந்தையில வாங்கிக் கையோட வச்சிருந்தேன்."

"எங்கிட்ட இன்னொருக்காச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நாந்தான் வேண்டாம்னேன்" என்றார் மாமா. "நீ அத்தனை ஆசையாச் செய்யறே. உம்மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். "பாகற்காய் மேல தப்பில்லம்மா. மாத்திரையும் போட்டுச் சோத்தையும் நிறுத்தி, அதுக்கு மேல இதையும் குடுத்தா மனுசன் தாங்குவாரா?" என்று திட்டினார். மாத்திரையை மாற்றி, எதை எவ்வளவு சாப்பிடுவது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் திட்டு எனக்குத் தேவைதான்.

வீட்டுக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பையைத் துழாவியதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"தெரியுமுங்க அம்மணி. முடிச்சு வேற மாதிரி இருந்துச்சு" என்றார்.

"தெரிஞ்சுமா இன்னிக்கு வேலைக்கு வந்தீங்க?"

"நான் கோவிச்சுட்டு நின்னுட்டா, பதினோரு மணிக்குப் பெரியவருகூட ஆருங்க இருப்பாங்க?"

இன்றும் அந்த அக்காதான் எங்கள் வீட்டில் சமைக்கிறார். மாமா தட்டில் அளவாக அரிசியும் பருப்பும் சோறு உண்டு. கருப்பட்டி டப்பா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், சிவப்புக் கோட்டோடு அப்படியே இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், தினமும் விடிந்ததும் என் கையாலேயே கொடுத்த அந்த ஒரு டம்ளரை மட்டும் சந்தேகப்படாமல் விட்டதை, அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.