கொள்ளிக்கட்டைச் சத்தியம்

என் வீட்டுக்காரரை நான் விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன், அகப்பையால் அடித்திருக்கிறேன். மலாயாவில் செமிலிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எவள் சிரித்தாலும் பின்னாலேயே போய்விடுவார். அடி வாங்கிவிட்டுக் குழந்தை மாதிரி அழுவார். "சந்தோஷத்துக்கா போறேன்? யோசிக்கிறதுக்குள்ள காலு போயிருது புள்ள" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலை முறித்து அடுப்பில் வைக்கிறேன் என்று கத்துவேன்.

ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். ரப்பரை வாங்க ஆளில்லாமல், ரப்பர்ப் பாலைத் தகடாக்கிக் காயவைக்கும் புகைக்கொட்டகை சும்மா கிடந்தது. அவரை அதற்குள் ஒளித்து வெளியே பூட்டினேன். அதற்கு முன் சத்தியம் கேட்டேன். வழக்கமாகச் சூடம் கொளுத்தி உள்ளங்கையால் அணைப்பார்கள். அந்தக் காலத்தில் சூடத்துக்கு எங்கே போவது? அடுப்பிலிருந்த கொள்ளிக்கட்டையை நீட்டினேன். அவரே பிடித்து அணைத்தார். தோல் கருகி நாறியது. "வெளிய வரமாட்டேன், எவளையும் பாக்கமாட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை நம்பினேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. சிப்பாய் என்னை அறைந்தான், விழுந்ததும் பூட்ஸால் வயிற்றில் மிதித்தான். கூட வந்த தமிழன், "புருஷன் எங்க? சொல்லித் தொலை" என்றான். கூலிகளின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் எல்லாரும் காய்ச்சலில் செத்து வீடுகள் காலியாகக் கிடந்தன. "கீழ லயத்துல இருக்காருங்க" என்று பொய் சொன்னேன். அவர்கள் அங்கே தேடி முடிப்பதற்குள் அவரைத் திறந்துவிட்டுக் காட்டுக்குள் விரட்டிவிடலாம் என்று கொட்டகைக்கு ஓடினேன்.

பூட்டு போட்டபடியே இருந்தது. பின்பக்கப் பலகை பெயர்ந்து கிடந்தது.

கீழ் லயத்திலிருந்து அலறல் கேட்டது. பால்வெட்டுக்காரி ஒருத்தி அங்கே காலி வீட்டிலிருந்து சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு மரவள்ளிக்குள் ஓடினாள். அவள் கொட்டகைப் பக்கம் நடந்ததைப் பலகை இடுக்கில் பார்த்திருப்பார். அது போதும் அவருக்கு. அதே வீட்டிலிருந்து அவரை முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் இடித்ததில் பல்லெல்லாம் போய் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. எனக்கு அவரைக் கொல்லவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

லாரியில் ஏற்றும்போது அந்தத் தமிழன் அவர் முதுகில் தட்டிச் சிரித்தான். "ஒம் பொண்டாட்டி நல்லவடா. கேட்டவொடனே எடத்தச் சொல்லிட்டா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கத்தியது எதுவும் லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. நான்தான் பழி தீர்த்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பார்.