ஒன்றரை மணிக் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் நாவலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து கலைச்செல்வியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை. நம் அலுவலகத்தாருக்காக இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தும் மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

அவருடைய சக்கர நாற்காலியையும் வாயையும் அலுவலகத்தில் அறியாதவர் யார்? பூட்டுக் கதையும் உங்களுக்குத் தெரியும், சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறோம். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

அவருக்காக இரண்டாம் மாடியில் அகலக் கதவும் கைப்பிடியும் வைத்துத் தனிக் கழிப்பறை கட்டினோம். முன்னே நின்று கட்டியவன் என்ற பெருமை எனக்கு. மற்றவர்கள் புகுந்து அசிங்கம் செய்துவிடுவார்களே என்று பூட்டுப் போட்டேன். சாவி என் மேஜைமேல். நிர்வாகப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் சும்மா இருப்பேனா, ஒரு ரிஜிஸ்டரும் திறந்தேன். பெயர், சாவி எடுத்த நேரம், திருப்பிய நேரம், கையெழுத்து.

"சாவிய எங்கிட்டயே குடுத்துடுங்களேன் சார்" என்று முதல் வாரமே கேட்டார்.

"ரூல்ஸ்மா" என்றேன். எந்த ரூல்ஸ்? நான் போட்டதுதான்.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் இரண்டு டீ குடித்துவிட்டு அவசரமாகப் போனால், ஆண்கள் கழிப்பறைக் கதவில் புதுப் பூட்டு. பக்கத்தில் கலைச்செல்வி. மடியில் சாவி, ஒரு நோட்டு.

"பேரு, டைம் எழுதி கையெழுத்து போடுங்க சார்."

உங்களில் நாலு பேர் என் பின்னால் நின்றீர்கள். "விளையாடாதம்மா" என்றேன்.

"ரெண்டு வருஷமா நான் விளையாடிக்கினா இருந்தேன்?" குரலை அவர் உயர்த்தவில்லை.

கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன். வெளியே வந்ததும் அவருடைய கழிப்பறைப் பூட்டைக் கழற்றினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் மேஜையில் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது. "இன்னாம்மா புதுசா?" என்றேன். "வெயில் ஜாஸ்தி சார்" என்றார். நானும் நம்பினேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ரிஜிஸ்டர்தான். நேற்று அதைத் தேடி எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போனவர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கையெழுத்து. எல்லாமே ஒன்றரை மணிக்கு.

அது நான் சாப்பிடப் போகிற நேரம். சாவி மேஜைமேல் இருக்கும், நான் இருக்கமாட்டேன்.