ரஷ்யக் கம்ப்ரஸருக்கும் அமெரிக்கக் கூலருக்கும் நடுவே

பள்ளியில் அணிசேராக் கொள்கை ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்து பாயின்ட்டுகளையும் மனப்பாடம் செய்து எழுதினேன். இரண்டு பேர் சண்டை போடும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பது என்றுதான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது, மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இருந்த முழங்கை நீளக் குழாய்த் துண்டு ஒன்று.

எங்கள் பழைய கம்ப்ரஸர் ரஷ்யாவிலிருந்து வந்தது. அது தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் கூலர் அமெரிக்காவுடையது. நாடு புதிதாக இருந்த காலத்தில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரு நாடுகளிடமும் வாங்கியவை. அங்கே மில்லிமீட்டர், இங்கே அங்குலம். போல்ட் துளைகள் பொருந்தாது. இரண்டையும் சேர்க்க இங்கேயே யாரோ ஒரு துண்டு செய்திருக்கிறார்கள். ஒரு முகத்தில் ரஷ்யக் கணக்கில் துளைகள், மறுமுகத்தில் அமெரிக்கக் கணக்கில். ஃபிட்டர்கள் அதை ‘பஹூ’ என்பார்கள், மருமகள். இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்கிறவள்.

போன வருடப் பராமரிப்பின்போது அதில் விரிசல் கண்டோம். கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. கம்ப்ரஸர் கம்பெனியிலிருந்து ஒருவரும் கூலர் கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்து பார்த்தார்கள். இருவரும் சொன்னது ஒன்றுதான்: எல்லாவற்றையும் கழற்றிப் போடுங்கள், முழுக்க எங்களுடையதையே மாட்டுங்கள்.

“ஏதாவது ஒருத்தன்கிட்டப் போயிடலாம்மா,” என்றார் மேனேஜர். மும்பை மாட்டுங்காவிலேயே வளர்ந்த தமிழர். “ரெண்டு பேரையும் வெச்சிண்டு எத்தனை நாள் மாரடிக்கறது?”

“புதுசா ஒண்ணு செஞ்சு பார்க்கலாம் சார்.”

“டெஸ்ட்ல கசிஞ்சா கம்ப்ரஸர் நேரா பங்கார்ல போயிடும். பரவால்லையா?”

பழைய இரும்புக் கடைக்கா அது போவது என்று இருந்தது எனக்கு. சரி என்றேன்.

விரிசல் விட்ட துண்டை அளந்தபோதுதான் வியந்துபோனேன். அதன் சுவர் இருபுறக் குழாய்களையும்விடத் தடிமன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்ப்ரஸரின் அதிர்வு ஒரு பக்கம், கூலரின் இழுப்பு மறுபக்கம், உள்ளே முழுக் காற்றழுத்தம். மூன்றையும் தாங்குவது அந்த நடுத்துண்டு மட்டும்தான். கையில் பெரிதாக ஒன்றுமில்லாத நாடு, எவர் வீட்டுக்கும் முழுதாகப் போகாமல், இருவரிடமும் வேண்டியதைக் கேட்டு வாங்கி, இத்தனை வருடம் ஓட வைத்திருக்கிறது. எவ்வளவு துணிச்சல்! என் ஐந்து பாயின்ட்டுகளில் இந்தத் தடிமன் எங்குமே இல்லை.

எஃகை நாங்கள் கொடுத்தோம். கடைசல் வேலை தாராவியில். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, ரெண்டு பக்கமும் தொளை வேற வேறயால்லா இருக்கு? தூங்கிக்கிட்டே வரைஞ்சியளா?”

“சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு பக்கம் ரஷ்யா, ஒரு பக்கம் அமெரிக்கா.”

“நடுவுல நாமளாக்கும்? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிலா!”

“அதான் கனமா கேக்கேன்,” என்றேன். அவர் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே லேத்தை ஓட்டினார்.

துண்டை மாட்டினோம். தண்ணீர் நிரப்பி, ஓடும்போது வருவதைவிட அதிக அழுத்தம் ஏற்றினோம். மேனேஜர் அழுத்தமானியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் டார்ச்சோடு ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்தேன். ரஷ்யப் பக்கம் உலர்ந்திருந்தது. அமெரிக்கப் பக்கமும். குறித்த நேரம் முடிந்தும் முள் அசையவில்லை.

“ஓட்டு,” என்றார் அவர்.

கம்ப்ரஸர் கிளம்பிய சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர், முதல் கம்பெனிக்காரருக்கு ஃபோன் செய்தார். அடுத்த வருடம் கட்டாயம் யோசிக்கிறோம் என்று சொல்லி, வால்வு ரிப்பேருக்கு ஆள் கேட்டார். பிறகு இரண்டாமவர். அவரிடமும் அடுத்த வருடம், அதே கனிவு. கூலருக்கு மலிவு விலையில், கசிவை அடைக்கும் கேஸ்கெட் கேட்டார். இருவருமே சரி என்றார்கள்.