சிங்கப்பூருக்குப் போன நீல மீன்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் சிங்கப்பூரைத் தொட்டது. நாகப்பட்டினத்தில் ஏறி அது எட்டாவது நாள். உடன் வந்தவர்கள் பெட்டி நிறைய அப்பளமும் கருவாடும் கொண்டுவந்திருந்தார்கள். நான் கொண்டுவந்தது ஒரு சீசா. சீசாவுக்குள் ஸ்பிரிட், ஸ்பிரிட்டுக்குள் ஒரு மீன். மதுவிலக்கு அமலில் உள்ள மதராஸ் ராஜ்யத்திலிருந்து சாராய வாடையோடு ஒரு சீசாவை வெளியே கொண்டுவருவது லேசான காரியமல்ல. ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டித் தப்பித்தேன்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியன். அது 1962, கோடை விடுமுறை. இந்த மீனை ஆறு வருஷத்துக்கு முன் கடைத்தெருவில் வாங்கினேன். என் கைக்குக் கிடைத்த எந்தப் புத்தகத்திலும் அதன் படம் இல்லை. வாங்கும்போது சாம்பல் நிறமாக இருந்தது, சீசாவில் போட்ட ஒரே வாரத்தில் நீலமாகிவிட்டது. உலகம் அறியாத மீன் என்று முடிவு கட்டிவிட்டேன். அதைக் கண்டுபிடித்தவன் என்று என் பெயர் எங்காவது அச்சில் வரவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆசைதான் என்னைக் கப்பல் ஏற்றியது. மைத்துனனைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொன்னதெல்லாம் சாக்கு.

மைத்துனன் சண்முகத்துக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே மாடி அறையில் இருந்தான். சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், மீன் பாக்கவா இவ்வளவு தூரம் கப்பல்ல வந்தீங்க? தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா எல்லா மீனும் பாத்துடலாம் லா."

சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டுக் கேலி செய்தாலும் காரியத்தில் கெட்டிக்காரன். அவனோடு வேலை செய்பவரின் அண்ணன் செபாஸ்டியன் என்பவர், ஸ்டாம்ஃபர்ட் சாலை அருங்காட்சியகத்தில் மீன் சீசாக்களைப் பராமரிப்பவர். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. சிராங்கூன் சாலையில் இரண்டு தோசையும் காப்பியும் முப்பது காசு. அங்கிருந்து அருங்காட்சியகம் ஒன்றரை மைல், டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டிக்கு ஐம்பது காசு பேசினேன். ஓட்டிய சீனர் பெரியவர் சீசாவைப் பார்த்து, "ஈக்கான்?" என்றார். மலாயில் மீன். ஆமாம் என்று தலையாட்டினேன். "மக்கான்?" என்று வாயில் கைவைத்துக் காட்டினார். சாப்பிடவா என்கிறார். இல்லை என்றேன். வழி நெடுக அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதரை மணிக்குச் செபாஸ்டியன் வாசலில் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்த கைகள். ஸ்பிரிட்டில் ஊறி ஊறி அப்படி ஆகிவிட்டது என்றார். ஜனங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தாண்டி, பொதுமக்கள் போகாத பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

கதவைத் திறந்ததும் நான் நின்றுவிட்டேன். தரையிலிருந்து கூரை வரை சீசாக்கள். எங்கள் பள்ளியில் மொத்தம் பதினேழு சீசா, அதில் இரண்டில் பாம்பு. இங்கே ஊசி மாதிரி ஒல்லியான மீன், பந்தாக ஊதிய பேத்தை மீன், தட்டில் ஒட்டிய தோசை போலத் தட்டையாக, ஒரு பக்கமாகவே இரண்டு கண்ணும் உள்ள நாக்கு மீன், வாலைச் சுருட்டிய கடல்குதிரை, சேற்றில் துடுப்பூன்றி நடக்கிற மீன். வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சி இலைமேல் இருக்கும் பூச்சியை வீழ்த்துகிற மீன் ஒன்று உண்டாம், அதையும் காட்டினார். நகக்கண் அளவு மீன் ஒன்று முழு வளர்ச்சி அடைந்ததாம். பெயருக்குத்தான் மீன் என்று ஒரே சொல் வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

அதைவிட ஆச்சரியம், ஒரே மீன் நாற்பது ஐம்பது சீசாவில் இருந்தது.

"ஒன்றை வைத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்டேன்.

"உங்க கிளாஸ்ல ஒரு பையனைப் பாத்தா எல்லாரையும் பாத்த மாதிரியா சார்? இதுவும் அப்படித்தான். ஆத்துல புடிச்சது ஒரு மாதிரி, கழிமுகத்துல புடிச்சது ஒரு மாதிரி."

வயிற்றைக் கீறியிருந்த மீன்களிலெல்லாம் கீறல் வலப்பக்கத்தில்தான் இருந்தது. இடப்பக்கத்தைக் கெடுக்காமல் வைப்பது இந்தத் தொழிலின் வழக்கமாம். எந்த நாட்டு மீனையும் எந்த நாட்டு மீனோடும் அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றார். என் மீனின் இடப்பக்கத்தில் மனைவியின் அரிவாள்மனை பட்ட வெட்டு இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு என் சீசாவைத் திறந்தார். மீனை ஒரு வெள்ளைத் தட்டில் கிடத்தி, ஊசி முனையால் முதுகு முள்ளை எண்ணினார். செதிலை எண்ணினார். எழுந்துபோய் ஒரு சீசா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே முகம், அதே வால், அதே முள். நிறம் மட்டும் சாம்பல்.

"இது இங்க நிறையக் கிடைக்கும் சார்."

"ஆனால் என்னுடையது நீலமாயிற்றே."

அவர் என் சீசாவுக்குள் இடுக்கியை விட்டு, அடியிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தார். நான் எழுதிப்போட்ட சீட்டு. துவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது.

"பேனாவுல எழுதினீங்களா சார்?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பென்சில் முடிந்தது. ஆறாம் வகுப்பில் பேனா பிடிப்பது பூணூல் போடுகிற மாதிரி ஒரு சடங்கு. அதன்பின் பென்சிலைத் தொடுகிறவன் மட்டி. அதனால் நான் என் மிக நல்ல பேனாவில், நீல மையில், குண்டு குண்டாக எழுதிப் போட்டேன். என் கையெழுத்தைக் குடித்துத்தான் மீன் நீலமாகியிருக்கிறது. செபாஸ்டியன் தாம் கொண்டுவந்த சீசாவின் சீட்டைக் காட்டினார். வருஷக்கணக்கில் ஸ்பிரிட்டில் கிடந்தும் எழுத்து அப்படியே இருந்தது. பென்சில்.

அழுகை வந்த மாதிரிதான் இருந்தது. அவர் கவனித்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"புது மீன் இல்லேன்னா என்ன சார்? எங்ககிட்ட இருக்கறது எல்லாம் இந்தப் பக்கத்து மீன். உங்க கரை மீன் ஒண்ணுகூட இல்லை. எங்க புடிச்சது, என்னிக்குப் புடிச்சதுன்னு எழுதிக் குடுங்க. எங்க மேலதிகாரிகிட்ட சொல்லி ரெஜிஸ்டர்ல ஏத்திடலாம். கொண்டுவந்தவர்னு உங்க பேரும் இருக்கும்."

ஒரு புதுச் சீட்டையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார்.

அழிந்த சீட்டில் 'நாகப்பட்டினம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் அங்கே நான் வாங்கினேன், அவ்வளவுதான். கூடைக்காரியிடம் கால் மணி நேரம் பேரம் பேசினேனே தவிர, எந்தக் கடலில் பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் கடைத்தெருவுக்கு ராமேசுவரத்து மீனும் ஐஸ் பெட்டியில் வரும். நாளா? தைக்குப் பிறகு, பங்குனிக்கு முன்பு. ஊரையும் ஒரு தேதியையும் நான் எழுதினால் இந்த அறையில் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. என் பெயர் ரெஜிஸ்டரில் ஏறிவிடும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில், பிடித்த இடம் தெரியாது, நாள் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன்.

செபாஸ்டியன் அதை இரண்டு தரம் படித்தார். "இப்படி எழுதினா ரெஜிஸ்டர்ல ஏறாது சார்" என்றார். "தெரியும்" என்றேன். அவர் சீட்டை இரு கையாலும் வாங்கிச் சீசாவில் போட்டு மூடி, ஜன்னலோர மேஜையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தொட்டுப் பார்க்கக் கொடுக்கும் மீன்களின் இடம் அது. வாசல் வரை கூடவே வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. கையில் சீசா இல்லாததால் சுங்கத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் பள்ளியில் கேள்விக்குத் 'தெரியாது' என்று சொல்லும் பையனைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைப்பது வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக நானும் ஏற்றியிருக்கிறேன். அப்படி நின்றவர்களில் ஒருவன் பெயராவது ஞாபகம் வருகிறதா என்று, கரை மறையும் வரை கம்பியைப் பிடித்தபடி யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை.