ரெஜினா ஒட்டிய ரிசல்ட்

புதுப் பாக்கெட்டின் வாயைப் பல்லால் கிழித்ததும் ஒரு வாசனை வரும், மண்ணெண்ணெயில் இனிப்பு மிட்டாயை முக்கி எடுத்த மாதிரி. அச்சு மை இன்னும் சரியாகக் காயாத ஐந்து அட்டைகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது எழும் அந்த மெல்லிய ‘சர்’ சத்தத்துக்காகவே ரயில்வே கேட் ஓரத்துப் பெட்டிக்கடையில் பழியாய்க் கிடந்திருக்கிறோம். அந்த நாளில் ராயபுரத்துக் காற்றில் துறைமுகத்து நிலக்கரித் தூள் எப்போதும் இருக்கும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டை மேல் படிவது போலவே எங்கள் கார்டுகளின் வெள்ளை ஓரத்திலும் படிந்து, இரண்டே நாளில் கருக்க வைத்துவிடும். கருத்த ஓரத்தை வைத்தே எதிராளி கையில் இருப்பது எந்தக் கார்டு என்று சொல்லிவிடலாம் என்பதால், ஆட்டத்துக்கு முன் எல்லோரும் எச்சில் தொட்டு ஓரத்தைத் துடைத்துக்கொள்வோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டிவியில் ஜப்பான்காரக் கார்ட்டூன் ஒன்று ஓடியது. அதில் பையன்கள் கார்டை எறிந்தால் பூதங்கள் எழுந்து சண்டை போடும். அதைப் பார்த்து யாரோ எங்கேயோ அடித்த கள்ளக் கார்டுகள்தாம் எங்கள் கடைக்கு வந்தன. படத்தில் பூதம், மூலையில் அதன் ‘அடி’ எண், கீழே எறும்பு ஊர்வது போல ஆங்கிலம். பூதம் இல்லாத கார்டுகளும் உண்டு. ஓரம் பச்சையாக இருந்தால் ‘பச்சை’, ரோஸாக இருந்தால் ‘ரோஸ்’. விதிகளை முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை, ஆகவே நாங்களே வகுத்துக்கொண்டோம். ஆளுக்கு இருபது கார்டு கொண்ட ஒரு ‘செட்டு’, கையில் ஐந்து, மாறி மாறி பூதத்தை இறக்க வேண்டும், மோதினால் பெரிய எண் நிற்கும், சின்ன எண் குப்பைக்குப் போகும். முதலில் எட்டு பூதம் இழந்தவன் தோற்றவன். ஜெயித்தவன் தோற்றவனுடைய செட்டிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு கார்டை எடுத்துக்கொள்ளலாம்.

லேத் பட்டறைக்குப் பின்னால் டயர் இல்லாத பழைய டிரெய்லர் ஒன்று கிடந்தது. கன்டெய்னர் ஏற்றி ஏற்றி வளைந்துபோன அந்த இரும்புப் பலகைதான் எங்கள் மைதானம். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பத்துப் பன்னிரண்டு பேர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவோம். வெயிலில் பலகை சுடும் என்பதால் எல்லோருக்கும் புத்தகப் பைதான் ஆசனம்.

அப்போதெல்லாம் எல்லோருடைய செட்டும் ஒன்றேபோல் இருந்தது. எண் பெரிதாக உள்ள பூதங்களாகப் பொறுக்கி அடுக்குவோம். அதற்கு ‘குண்டு செட்டு’ என்று பெயர். பச்சையையும் ரோஸையும் ஒருவரும் மதிக்கவில்லை, காரணம் எங்களில் யாருக்கும் அந்த ஆங்கிலம் புரியவில்லை. நான் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம் ஏழாம் வகுப்பு. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

என்னிடம் ஒரு ரோஸ் கார்டு இருந்தது. ஒரு கிணறு, அதிலிருந்து மேலே நீளும் ஒரு கை. கீழே இருந்த வரிகளில் ‘டெஸ்ட்ராய்’ என்ற சொல்லும் ‘ஆல்’ என்ற சொல்லும் எனக்குத் தெரிந்தவை. ஒரு சனிக்கிழமை தோற்கும் நிலையில் இருந்தபோது அதைப் பலகையில் அறைந்து, “இதும் பவர் இன்னா தெர்மா? நீ எறக்கிகீற பூதம் அத்தினியும் காலி” என்றேன். எதிரே இருந்தவன் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் அந்த இரண்டு சொற்கள்தான் தெரிந்தன. தன் பூதங்களை எல்லாம் குப்பையில் போட்டான். தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை வருடம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொல்லும்போதே அது என் சொந்தக் கற்பனை என்று எனக்குத் தெரியும்.

நாலு வாரம் நான்தான் சாம்பியன். நாலாவது வாரம் என் உயிர்த் தோழன் இக்பாலை வீழ்த்தி அவனுடைய தங்க டிராகனை எடுத்துக்கொண்டேன். ராயபுரத்திலேயே பெரிய அடி அதற்குத்தான். தரும்போது அவன் கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு, “பத்ரமா வெச்சிக்கோடா” என்று மட்டும் சொன்னான்.

ரெஜினா இந்தக் கதைக்குள் வந்தது அந்த நாலு வாரத்தின் தொடக்கத்தில்தான். பட்டறைக்கு அடுத்த லைன் வீட்டுக்காரி, கான்வென்டில் எட்டாம் வகுப்பு. அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்பவர். எங்களுக்கு ‘கார்டு’ என்றால் அந்த அம்மாவுக்கு ‘சீட்டு’. சீட்டு என்றால் சூதாட்டம், சூதாட்டம் என்றால் குடும்பம் நடுத்தெரு. “சீட்டத் தொட்ட கையில சோறு போட மாட்டேன்” என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரெஜினா அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள், ஆனால் தன் வழியில். சனிக்கிழமைகளில் ஒரு நீள நோட்டும் பேனாவுமாக டிரெய்லர் ஓரத்தில் வந்து நிற்பாள். அம்மா வந்து கேட்டபோது, “நான் ஆடலமா, எழுதிகினு கீறேன்” என்றாள். அந்த அம்மா நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்துதானே என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, பட்டறையின் தகரக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்தோம். ‘சனிக்கிழமை ஆட்ட முடிவுகள்’ என்று தலைப்பு, அதன் கீழ் அடிக்கோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு. யார் யாரோடு மோதினார்கள், யார் எத்தனை பூதம் மிச்சம் வைத்து ஜெயித்தார்கள் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அதற்கும் கீழே ‘செட்டு நிலவரம்’ என்று ஒரு பகுதி. அது எனக்கு இன்றும் ஏறக்குறைய மனப்பாடம்: ‘இந்த வாரமும் குண்டு செட்டுகளே அதிகம். ஒரே மாதிரி இரண்டு செட்டுகள் மோதும்போது முதலில் யாருக்குப் பெரிய பூதம் கையில் வருகிறதோ அவரே ஜெயிக்கிறார். இதில் திறமை இல்லை. நாலு பச்சைக் கார்டு சேர்த்துக்கொண்டு வருபவர் அடுத்த வாரம் முன்னேறுவார்.’

நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் நாலு பச்சையோடு வந்த ஒரு பொடியன் இரண்டு பெரிய பையன்களைச் சாய்த்துவிட்டு அரையிறுதி வரை போனான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தெருப் பையன்கள் எச்சில் தொட்டு ஆடும் ஆட்டத்துக்கு, செய்தித்தாளில் கிரிக்கெட்டுக்கு எழுதுகிற மரியாதையோடு ஒருத்தி எழுதினாள். தோற்றவனைக் கேலி செய்து ஒரு வரி கிடையாது. ‘கடைசி வரை போராடி’ என்று சும்மா போட மாட்டாள், போராடியிருந்தால்தான் போடுவாள். அந்த மூன்று சொற்களைத் தன் பெயருக்குப் பக்கத்தில் வாங்குவதற்காகவே உயிரைக் கொடுத்து ஆடியவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் திருவொற்றியூர்ப் பையன்கள் பஸ் ஏறி வந்து தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். கதவுக்குச் சொந்தக்காரரான லேத்து நைனா, காலையில் கதவைத் திறக்கும்போது தாள் கிழியாதபடி பூப்போலத் திறப்பார்.

பச்சையும் ரோஸும் பெருகியதும் சண்டையும் பெருகியது. எந்தக் கார்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். “எல்லாரும் கார்டக் குட்ங்க, டிக்சனரி பாத்து அர்த்தம் எழுதித் தரேன்” என்றாள் ரெஜினா. மற்றவர்கள் கொடுக்கும்போது நான் மட்டும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்றவள் கிணற்றுக் கார்டை என்னிடம் நீட்டினாள்.

“தாஸு, இதுல இன்னா எய்திகீது தெர்மா? உன் பூதம் ஒண்ண நீயே அழிச்சிக்கணும். அப்பால எதிராளி கையில கீற கார்டு அத்தினியும் ஒரே ஒரு தபா பாக்கலாம். அவ்ளோதான்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “யாருக்கும் சொல்லாத ரெஜினா. உனுக்கு இன்னா போச்சு? நீதான் ஆடவே மாட்டியே” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “ஆட மாட்டேன். எனுக்கு அந்தத் தாளு ஒண்ணுதான் கீது. அதுல எப்டி பொய் எய்தச் சொல்ற?” என்றாள். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியும் போனது. கேட் தூக்கியதும், “சனிக்கெயம வரைக்கும் ஒட்ட மாட்டேன். நீயே சொல்டு” என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள்.

நான் சொல்லவில்லை. நாலு நாளும் இக்பாலோடுதான் சுற்றினேன், ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து வேறு எதையாவது பேசினேன். சனிக்கிழமை மதியம் தகரக் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. நாற்பது கார்டுகளின் அர்த்தம், வரிசை எண் போட்டு, எங்களுக்குப் புரியும் தமிழில். கிணற்றுக் கார்டு பதினேழாவது. அதன் பக்கத்தில் என் பெயர் இல்லை. கார்டு என்ன சொல்கிறது என்பது மட்டும் இருந்தது. இக்பால்தான் அதை உரக்கப் படித்தான். படித்து முடித்து, திரும்பி என்னைப் பார்த்தான்.

“அப்ப என் டிராகனு?”

அதற்குள் மற்றவர்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். “நாலு வாரமா டபாய்ச்சிகீறான்டா!” “ரிசல்ட்டு அத்தினியும் கோடு போட்டு அடி! கள்ளன்னு பேர் போட்டு எய்து!” என்று ரெஜினாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“மாத்த மாட்டேன். அவன் சொன்னத நீங்க எல்லாரும் ஒத்துகினுதான ஆடினீங்க? ஒருத்தனாச்சும் யாராண்டயாச்சும் குட்த்து படிக்கச் சொன்னீங்களா? நடந்தத நடந்தபடி எய்திகீறேன். இன்னிக்கி தெரிஞ்சத இன்னிக்கி எய்திகீறேன். வாங்கினத திருப்பிக் குடுக்கறது அவனுக்கும் உங்களுக்கும் கீற கணக்கு.”

ஜெயித்து எடுத்த கார்டுகள் எல்லாவற்றையும் அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். டிராகனை வாங்கிய இக்பால் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கமாகப் போய்விடுவான். நானும் டிரெய்லர் பக்கம் போகவில்லை. வீட்டில், “இன்னாடா, ஜொரமா?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தாளைப் படிக்கப் போனேன். ‘செட்டு நிலவரம்’ பகுதியின் கடைசியில் இப்படி இருந்தது: ‘கிணற்றுக் கார்டை அதன் உண்மையான அர்த்தத்தில் இதுவரை யாரும் ஆடிப் பார்க்கவில்லை. எண் குறைந்த பூதங்களை நிறைய வைத்திருப்பவருக்கு ஒன்றை இழப்பது பெரிய நஷ்டம் அல்ல. எதிராளியின் கை தெரிந்துவிடுவது பெரிய லாபம். துணிச்சல் உள்ள யாராவது முயலலாம்.’

அந்தக் கிணற்றுக் கார்டு எங்கள் பக்கத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து புதுச் செட்டு கட்டினேன். யாரும் சீண்டாத நண்டு, தவளை, வௌவால் பூதங்களாகச் சேர்த்தேன். அடுத்த சனிக்கிழமை திருவொற்றியூர்ப் பையன்களும் கலந்துகொண்ட பெரிய ஆட்டம். என்னைச் சேர்க்கக் கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். ரெஜினா பட்டியலில் என் பெயரை எழுதினாள். என் செட்டைப் பார்த்து, “இன்னாடா இது, கொசு செட்டு!” என்று சிரித்தார்கள். அந்தக் கொசுக்களை வைத்து மூன்று பேரைத் தாண்டினேன். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆடுவதில் எத்தனை யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. நாலு வாரம் சாம்பியனாக இருந்தபோது நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இறுதி ஆட்டம் இக்பாலோடு. இருவருக்கும் ஏழேழு பூதம் போய்விட்டிருந்தது என்றால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு ஆறு, அவனுக்கு ஐந்து. கிணற்றுக் கார்டை இறக்கி, என் தவளையை நானே குப்பையில் போட்டேன்; ஏழாகிவிட்டது. இக்பால் தன் கையிலிருந்த கார்டுகளை விதிப்படி என் பக்கம் திருப்பிக் காட்டினான். நடுவில் தங்க டிராகன் இருந்தது. அதைத் தடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

“பாத்துட்டியா?” என்றான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் சொல்.

“பாத்துட்டேன்டா” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும். டிராகனை எடுத்து மெதுவாகப் பலகையில் வைத்தான். மறுநாள் தாளில் என் பெயர் இரண்டாம் இடத்தில் இருந்தது. பக்கத்தில் ‘கடைசி வரை போராடி’ என்று எழுதியிருந்தாள்.

அதற்கடுத்த வருடம் ரெஜினாவின் குடும்பம் எர்ணாவூர்ப் பக்கம் வீடு மாறிப் போனது. தாள் நின்றதும் ஆட்டமும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. யார் ஜெயித்தார் என்பது ஒரே நாளில் மறந்துபோகும் ஆட்டத்தில் எங்களுக்கு ருசி இல்லாமல் போயிற்று. டிரெய்லரைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பெட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. கரித்தூளும் இல்லை, கொடியில் சட்டை வெள்ளையாகவே காய்கிறது.

போன வருடம் சர்ச்சில் ஒரு கல்யாணத்தில் ரெஜினாவைப் பார்த்தேன். ஏதோ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, “அப்போ ஒரு தபாகூட உனுக்கு ஆடணும்னு தோணலையா?” என்று கேட்டேன்.

“தோணாமயா? என் செட்டு ரெடியாத்தான் இருந்துச்சு” என்றாள். இலையைப் பார்த்தபடி, ஒவ்வொரு கார்டாக, பூதம் எத்தனை, பச்சை எது, ரோஸ் எது என்று இருபதையும் வரிசையாகச் சொன்னாள். பாயசம் வந்து ஆறிவிட்டது. கொசு செட்டையும் குண்டு செட்டையும் அதற்கு எதிரில் மனத்துக்குள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. எங்கள் எல்லோரையும் அவள் ஜெயித்திருப்பாள்.

எழுந்து கை கழுவப் போகும்போது, ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் இருவரிடமும் ஒரு கார்டுகூட இல்லை.